தராசில் அகப்படாத நஞ்சு: நகரக் காற்றின் நுண்துகள்களில் உலோகங்கள்

நகரக் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல அரசு நமக்குத் தரும் எண் ஓர் எடைக் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் மிதக்கிறது என்பதே அது. அத்துகள் எதனால் ஆனது என்பதை அந்த எண் சொல்வதில்லை. கடல் உப்பும் மண்தூசியும் ஈயமும் ஆர்செனிக்கும் அந்தத் தராசில் ஒன்றுதான். ஒரு மைக்ரோகிராம் உப்பைச் சுவாசிப்பவரும் ஒரு மைக்ரோகிராம் ஈயத்தைச் சுவாசிப்பவரும் கணக்கில் சமம், உடலில் சமமில்லை.

உலோகம் கலந்த துகள்கள் நகரம் முழுவதும் சீராகப் பரவி நிற்பதில்லை. அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, குப்பைக் கிடங்கு, பேட்டரி உருக்கும் பட்டறை, கனரக வாகனங்கள் ஓடும் சாலை என அவை பிறக்கும் இடங்கள் உண்டு. அந்த இடங்களை ஒட்டிக் குடியிருப்பவர்கள் யார், அங்கே வேலை செய்பவர்கள் யார் என்ற கேள்விக்கு நம் நகரங்களில் பெரும்பாலும் சாதியே விடை சொல்லிவிடுகிறது. ஆகவே, உலோகங்களை அளக்காமல் விடுவது என்பது யாருடைய உடல் அதிக விலை கொடுக்கிறது என்பதையும் அளக்காமல் விடுவதாகும். நுண்துகள்களில் உள்ள உலோகங்கள் எவை, எங்கிருந்து வருகின்றன, உடலை என்ன செய்கின்றன, சட்டம் எதைக் காண்கிறது, எதைக் காண மறுக்கிறது என்பவற்றைச் சென்னையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நுண்துகள் என்பது என்ன

2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுடைய துகள்களை ‘பி.எம். 2.5’ என்று அழைக்கிறார்கள். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். அதில் இருபதில் ஒரு பங்கு அளவே உள்ள இத்துகளை மூக்கின் மயிரோ தொண்டையின் சளியோ முழுமையாகத் தடுத்து நிறுத்த முடியாது. அது நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்கிறது. அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன.

இத்துகளின் பெரும்பகுதி கரி, கரிமச் சேர்மங்கள், சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், மண்தூசி ஆகியவற்றால் ஆனது. நச்சு உலோகங்களின் பங்கு எடையில் மிகச் சிறியது. அந்தச் சிறுமையே அவற்றைக் கணக்கிலிருந்து மறைக்கிறது.

எந்த உலோகம் எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு மாசு மூலமும் காற்றில் தனக்கே உரிய உலோகக் கலவையை விட்டுச் செல்கிறது. கைரேகையைப் போல அதை வாசிக்கலாம்.

நிலக்கரி: ஆர்செனிக், செலினியம், ஈயம், பாதரசம் ஆகியவை நிலக்கரியிலேயே இயற்கையாக உள்ளன. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல் என்பதால் எரிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் எஞ்சும் கழிவும் அதிகம். உலையின் வெப்பத்தில் ஆர்செனிக், செலினியம் போன்றவை ஆவியாகின்றன; புகை குளிரும்போது மிகச் சிறிய துகள்களின் மேல் படிகின்றன. புகைபோக்கியில் உள்ள மின்னிலை வடிகட்டிகள் பெரும்பாலான சாம்பலைப் பிடித்துவிடும். ஆனால் தப்பிச் செல்லும் மிச்சத்தில்தான் மிக நுண்ணிய துகள்கள் கூடுதல். அவற்றில்தான் நச்சு உலோகங்களின் செறிவும் கூடுதல்.

கன எரியெண்ணெய்: கப்பல்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் எரிக்கும் அடிமட்ட எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் இருக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து கூடுதலாகக் காணப்படும் காற்று துறைமுகத்தையோ ஆலையையோ சுட்டிக்காட்டும்.

வாகனங்கள்: பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பொதுச் சுகாதாரத்தின் பெரும் வெற்றிகளில் அது ஒன்று. ஆனால் புகைக்குழாயிலிருந்து வராத உலோகங்கள் இன்றும் வருகின்றன. பிரேக் தேயும்போது செம்பு, பேரியம், ஆன்டிமனி, இரும்பு; டயர் தேயும்போது துத்தநாகம். மின்சார வாகனங்களுக்கும் டயர் உண்டு, பிரேக் உண்டு. புகை விதிகள் கடுமையாகக் கடுமையாக, இந்தத் தேய்மானத் தூசியின் பங்கு கூடுகிறது.

குப்பை எரிப்பு: பிளாஸ்டிக், வண்ணம் பூசிய மரம், பேட்டரி, மின்னணுப் பொருட்கள் கலந்த குப்பை எரியும்போது ஈயம், காட்மியம், துத்தநாகம், செம்பு, ஆன்டிமனி வெளியேறுகின்றன. செம்புக்காக ஒயரைக் கொளுத்தும் புகையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

உருக்கும் தொழில்கள்: பழைய வாகனப் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவது காற்றில் ஈயம் கலப்பதற்கு இன்று உள்ள முக்கியக் காரணங்களில் ஒன்று. இரும்பு, எஃகு ஆலைகள் மாங்கனீசையும் குரோமியத்தையும், முலாம் பூசும் பட்டறைகள் குரோமியத்தையும் நிக்கலையும் வெளியிடுகின்றன.

பட்டாசு: பச்சை நிறத்துக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், வெண்ணொளிக்கு அலுமினியமும் மக்னீசியமும், வெடிமருந்தில் பொட்டாசியம். தீபாவளி இரவில் இவை ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகின்றன.

உடலுக்குள் நிகழ்வது

புறக்காற்று மாசையும் அதிலுள்ள துகள்களையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் வகைப்படுத்தியது. ஆர்செனிக், காட்மியம், ஆறிணைதிறன் குரோமியம், நிக்கல் சேர்மங்கள் ஆகியவை தனித்தனியாகவே அந்த முதல் வகையில் இருக்கின்றன. கனிம ஈயச் சேர்மங்கள் அடுத்த வகையில் இருக்கின்றன.

உலோகங்கள் உடலைத் தாக்கும் வழிகள் பல. இரும்பு, செம்பு, வனேடியம் போன்றவை நுரையீரல் செல்களில் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உருவாக்கி அழற்சியைத் தூண்டுகின்றன. ஆஸ்துமா முற்றுவதற்கும் இரத்தக் குழாய்கள் கெடுவதற்கும் இந்த அழற்சி ஒரு பாதை. நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு காற்றில் சல்பேட்டாக மாறித் துகளை அமிலத்தன்மை உடையதாக்குகிறது. அந்த அமிலம் துகளிலுள்ள உலோகத்தைக் கரையச் செய்கிறது. கரைந்த உலோகம் உடலில் எளிதாக வேலை செய்யும். ஒரே புகைபோக்கியிலிருந்து வரும் இரண்டு மாசுகள் இவ்வாறு ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். பெரியவர்களின் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். எலும்பில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் இரத்தத்துக்குத் திரும்பும். கருவுற்ற பெண்ணின் உடலிலிருந்து கருவுக்கும் செல்லும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்து எலும்பையும் வலுவிழக்கச் செய்கிறது. மாங்கனீசு நரம்பு மண்டலத்தைத் தாக்கி நடுக்குவாதம் போன்ற அறிகுறிகளைத் தருகிறது. ஆர்செனிக் நுரையீரல், தோல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய்க்குக் காரணமாகிறது.

காற்றில் வந்த உலோகம் காற்றோடு போய்விடுவதில்லை. அது கூரையிலும் தண்ணீர்க் குடத்திலும் தெருப் புழுதியிலும் படிகிறது. குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. அவ்வாறு வயிற்றுக்குள் செல்லும் ஈயத்தை இரும்புச்சத்துக் குறைந்த உடல் கூடுதலாக உறிஞ்சுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 67 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 57 விழுக்காட்டினரும் இரத்தசோகை உள்ளவர்கள். இரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு முதன்மைக் காரணம். அதாவது, ஒரே அளவு ஈயம் படிந்த இரண்டு தெருக்களில், சத்தான உணவு கிடைக்காத தெருவின் குழந்தைக்கே கேடு அதிகம். யூனிசெப் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருக்கிறது. அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள்.

தராசு ஏன் போதாது

2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நிர்ணயங்களில் மொத்தம் 12 மாசுகள் உள்ளன. அவற்றுள் உலோகம் சார்ந்தவை மூன்றே: ஈயம், ஆர்செனிக், நிக்கல். பி.எம். 2.5க்கான ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். ஆர்செனிக்கின் ஆண்டுச் சராசரி வரம்பு 6 நானோகிராம், நிக்கலுக்கு 20 நானோகிராம், ஈயத்துக்கு 0.5 மைக்ரோகிராம்.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 40 மைக்ரோகிராம் என்பது 40,000 நானோகிராம். அதில் ஆர்செனிக்கின் வரம்பான 6 நானோகிராம் நூற்றில் 0.015 பங்கு மட்டுமே. ஒரு குடியிருப்பின் காற்றில் ஆர்செனிக் வரம்பைப் போல ஐந்து மடங்கானாலும் நுண்துகளின் மொத்த எடை 40இலிருந்து 40.024 ஆகும். எந்தத் தராசும் அதைப் பொருட்படுத்தாது. ‘இன்று காற்று மிதமாக உள்ளது’ என்ற பச்சை, மஞ்சள் அட்டைக்குள் இந்த ஐந்து மடங்கு முழுவதுமாக ஒளிந்துகொள்ளும்.

கைப்பேசியில் நாம் பார்க்கும் காற்றுத் தரக் குறியீட்டில் ஈயம் ஏட்டளவில் எட்டு மாசுகளில் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. ஆனால் தானியங்கி நிலையங்கள் ஈயத்தை மணிக்கு மணி அளப்பதில்லை. வடிதாளில் துகளைச் சேகரித்து ஆய்வகத்தில் பகுத்தால்தான் அது தெரியும். எனவே அன்றாடம் காட்டப்படும் குறியீட்டில் ஈயத்துக்குப் பங்கில்லை. காட்மியம், குரோமியம், மாங்கனீசு, வனேடியம் ஆகியவற்றுக்கோ நம் நாட்டின் காற்றுத் தர நிர்ணயங்களில் இடமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் காட்மியத்துக்கு 5 நானோகிராம் என்று 2004இலேயே இலக்கு வகுத்தது. அமெரிக்கா 2008இல் ஈயத்தின் வரம்பை மூன்று மாதச் சராசரியாக 0.15 மைக்ரோகிராமுக்குக் குறைத்தது. நம்முடைய ஆண்டு வரம்பு அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரங்களின் முன்னேற்றத்தை முதன்மையாகப் பி.எம். 10 எனும் பெருந்துகளின் எடையைக் கொண்டே மதிப்பிடுகிறது. சாலையோரப் புழுதியில் தண்ணீர் தெளித்து அந்த எண்ணைக் குறைத்துவிட முடியும். புகைபோக்கியின் ஆர்செனிக் அப்படியே இருக்கும்.

வடசென்னை: காற்றின் சாதி வரைபடம்

எண்ணூர், மணலி, அத்திப்பட்டு வட்டாரத்தில் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் சேர்ந்து 3,300 மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி மின் திறன் கொண்டவை. மணலியில் 1960களில் தொடங்கப்பட்ட எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றி உரம், பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் இருக்கின்றன. நிலக்கரி இறங்கும் துறைமுகம், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலைகள், சாம்பல் குளங்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது ‘மிக மோசமாக மாசடைந்தவை’ என்று அடையாளம் கண்ட 43 பகுதிகளில் மணலியும் ஒன்று. மேற்சொன்ன கைரேகைப் பட்டியலை எடுத்துக்கொண்டால் நிலக்கரியின் ஆர்செனிக், எண்ணெயின் வனேடியம், நிக்கல், லாரிகளின் செம்பு, துத்தநாகம் ஆகிய அனைத்துக்குமான மூலங்கள் இங்கே சில கிலோமீட்டருக்குள் குவிந்திருக்கின்றன.

அதற்குத் தெற்கே 300 ஏக்கருக்கு மேல் பரந்துள்ள கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு. நகரத்தின் வடபாதிக் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கே கொட்டப்பட்டது. அடிக்கடி தீப்பற்றி எரிந்தது. அங்கே குப்பை எரி உலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025இல் வடசென்னை மக்கள் வீதிக்கு வந்தார்கள். கலப்புக் குப்பை எரியும்போது அதிலுள்ள காட்மியமும் ஈயமும் அழிவதில்லை. உலோகத்தை எந்த நெருப்பாலும் அழிக்க முடியாது. அது புகையிலோ வடிகட்டியில் சிக்கும் சாம்பலிலோ இருந்தே தீரும். அந்தச் சாம்பல் எங்கே கொட்டப்படும் என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

இந்தக் கிடங்கை ஒட்டிய வியாசர்பாடியும் அதற்கடுத்த புளியந்தோப்பும் தலித் தொழிலாளர்களின் நெடிய வரலாறு கொண்ட பகுதிகள். பின்னி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நிகழ்ந்த 1921ஆம் ஆண்டிலேயே ஆலையையும் துறைமுகத்தையும் நம்பி வாழ்ந்த தலித் மக்களின் குடியிருப்புகள் இங்கே இருந்தன. எண்ணூர்க் கரையில் மீனவர்களும், வடசென்னை முழுவதும் இஸ்லாமியர்களும் பிற ஏழைத் தொழிலாளர்களும் இதே காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குப்பை மேட்டையும் சாம்பல் குளத்தையும் எங்கே அமைப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் இவர்களில் எவருக்கும் நாற்காலி இருந்ததில்லை.

துடைப்பமும் காயலான் கடையும்

குடியிருப்பு ஒரு பாதி; வேலை மறு பாதி. கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழித் தொட்டிகளிலும் வேலை செய்யும் சுமார் 38,000 பேரை ஒன்றிய அரசு 2024 வரை கணக்கெடுத்ததில் நூற்றுக்கு 69 பேர் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. தெருப்பெருக்குவதற்கு இதே போன்ற கணக்கெடுப்பு தேவைப்படாத அளவுக்கு விடை நம் கண்முன்னே இருக்கிறது.

சாலையோரப் புழுதியில்தான் பிரேக்கின் செம்பும் டயரின் துத்தநாகமும் பல ஆண்டுகளாகப் படிந்த பழைய ஈயமும் கிடக்கின்றன. உலர்ந்த சாலையைத் துடைப்பத்தால் பெருக்கும்போது அது மீண்டும் காற்றில் எழுகிறது. அதைப் பெருக்குபவரின் மூக்குக்கும் அந்தத் தூசிக்கும் இடையே ஒரு மீட்டர் தூரம்கூட இல்லை. கடும் உடலுழைப்பில் மூச்சின் அளவு ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடும். துணி முகக்கவசம் நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது. நகரத்தின் காற்றளவு நிலையமோ கட்டடக் கூரைமேல் இருக்கிறது.

தீபாவளி மறுநாள் இதன் உச்சம். பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. அதே ஆண்டு முதல் தமிழ்நாட்டில் வெடிக்கும் நேரமும் கட்டுப்படுத்தப்பட்டது. இரண்டும் வெடிப்பவரின் நேரத்தையும் பொருளையும் பற்றியவை. மறுநாள் விடியலில் அந்தச் சாம்பலையும் காகிதத்தையும் அள்ளுபவரின் மூச்சைப் பற்றி எந்த ஆணையும் பேசுவதில்லை.

காயலான் கடைகளிலும் பழைய பேட்டரி உடைக்கும் இடங்களிலும் குப்பை பொறுக்கும் வேலையிலும் நிலைமை இதைவிடக் கடுமை. அங்கே காற்றளவு நிலையமும் இல்லை, முதலாளியின் பதிவேடும் இல்லை. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் மின்னணுக் கழிவு விதிகளும் உற்பத்தியாளருக்குப் பொறுப்பைச் சுமத்துகின்றன. ஆனால் வீட்டு வாசலில் பேட்டரியை உடைப்பவரை அவை முறைப்படுத்தி மேலே தூக்கவில்லை. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் இழப்பீடாக வசூலிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஆணையிட்டது. நோக்கம் சரி. ஆனால் அகற்ற வாகனமும் வழியும் தராமல் தண்டம் மட்டும் விதித்தால், அது இறுதியில் குப்பையை உண்டாக்கியவர் தலையில் விழாது. கையில் தீப்பெட்டியோடு நிற்கும் கடைநிலைத் தொழிலாளியின் தலையில் விழும்.

ஈயம், ஆர்செனிக், மாங்கனீசு, குரோமியம், காட்மியம் ஆகியவற்றால் வரும் நோய்கள் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே தொழில்சார் நோய்களாகப் பட்டியலிடப்பட்டவை. அதன் இடத்துக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்வாறான பட்டியல் உண்டு. ஆனால் இழப்பீடு கேட்க ஒரு முதலாளி வேண்டும், தொடர்ச்சியான பணிப் பதிவு வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னையின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பல நாட்கள் அமர்ந்து தனியார்மயத்தை எதிர்த்தபோது கூலியும் வேலைப் பாதுகாப்பும் முன்னே நின்றன. நோயைக் கணக்கில் கொண்டுவரும் உரிமையும் அதனுள் அடங்கியிருந்தது. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் தொழிலாளியின் நுரையீரலின் வரலாறும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடுகிறது.

சட்டம் கண்டதும் காணாததும்

மாசற்ற நீரையும் காற்றையும் அனுபவிக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996இல், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சாதியால் ஒதுக்கப்பட்ட தோல் தொழிலின் மண்ணிலிருந்துதான் இந்தியச் சூழல் சட்டத்தின் இரு தூண்களும் எழுந்தன. அதே மண்ணில், ராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச் சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு பல பத்தாண்டுகள் திறந்தவெளியில் கிடந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இம்மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதைக் குற்றமாக்குகிறது. அவர்களின் இருப்பிடத்திலோ வாசலிலோ கழிவைக் கொட்டுவதையும், இழிவுபடுத்தவோ தொல்லை தரவோ அவர்கள் வாழும் பகுதியில் கொட்டுவதையும் குற்றமாக்குகிறது. காற்றைக் கெடுப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கிணற்றில் மலம் கலந்தவரைத் தேடலாம். காற்றில் ஆர்செனிக் கலந்தவரைத் தேட அச்சட்டத்தில் வழியில்லை. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டமோ, மாசின் சுமை எந்தச் சமூகத்தின்மேல் விழுகிறது என்று பார்க்கும் கடமையை யாருக்கும் விதிக்கவில்லை. சாதி தெரிந்த சட்டத்துக்குக் காற்று தெரியவில்லை. காற்று தெரிந்த சட்டத்துக்குச் சாதி தெரியவில்லை. நம் மக்கள் இந்த இடைவெளியில்தான் மூச்சுவிடுகிறார்கள்.

அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் விதிக்கப்பட்ட புகை நிர்ணயங்களிலும் உலோகம் என்ற வகையில் பாதரசத்துக்கு மட்டுமே தனி வரம்பு உண்டு. ஆர்செனிக்கும் ஈயமும் மீண்டும் ‘துகள்’ என்ற மொத்த எடைக்குள் போய்விடுகின்றன.

நீதிமன்றத்தில் இதன் விளைவு நேரடியானது. நுண்துகள் கூடிவிட்டது என்று மட்டும் சொன்னால், அனல்மின் நிலையம் லாரியைக் காட்டும். லாரி உரிமையாளர் கட்டுமானத் தூசியைக் காட்டுவார். அனைவரும் சேர்ந்து விறகடுப்பைக் காட்டுவார்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை, மாசுபடுத்தியவர் யாரென்று தெரிந்தால்தான் வேலை செய்யும். வனேடியமும் நிக்கலும் கூடினால் எண்ணெய், ஆர்செனிக்கும் செலினியமும் கூடினால் நிலக்கரி, ஈயமும் காட்மியமும் கூடினால் உருக்கு உலை அல்லது குப்பை, பேரியமும் ஆன்டிமனியும் கூடினால் சாலை என்று உலோகங்கள் விரல் நீட்டுகின்றன. காற்றின் திசையோடும் நேரத்தோடும் சேர்த்து வாசித்தால் அது சாட்சியம். அந்தச் சாட்சியத்தைச் சேகரிக்காமல் இருப்பது மாசுபடுத்துபவருக்குத் தரப்படும் மௌனப் பாதுகாப்பு.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, தகவல். ஆண்டுச் சராசரியைக் கணக்கிட ஓர் இடத்தில் வாரத்துக்கு இருமுறை வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடுகள் தேவை என்று 2009 அறிவிப்பே சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள்: எங்கள் பகுதி நிலையத்தில் கடந்த ஆண்டு ஈயம், ஆர்செனிக், நிக்கல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன? எந்தத் தேதிகளில்? எந்த ஆய்வகம், எந்த முறையில் பகுத்தது? ஒவ்வொரு மாதிரியின் அளவும் என்ன? சராசரியை மட்டும் வாங்கித் திருப்தியடைய வேண்டாம். தேதிவாரி எண்களைக் கேளுங்கள். பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு தகவல் பெறும் உரிமைக்குள் அடக்கியுள்ள ஒன்று.

இரண்டாவது, அளவிடும் இடம். கூரைமேல் நிலையங்களோடு நிற்காமல், சாம்பல் குளத்தின் கரையில், குப்பைக் கிடங்கின் மதிலோரத்தில், தெருப்பெருக்குபவரின் சட்டைக் காலரில் பொருத்தும் சிறு கருவியில் உலோகங்கள் அளக்கப்பட வேண்டும். காட்மியம், ஆறிணைதிறன் குரோமியம், மாங்கனீசு, வனேடியம் ஆகியவற்றுக்குத் தேசிய நிர்ணயம் வேண்டும். ஈயத்தின் வரம்பு குறைக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, உடல். மாசு மூலங்களை ஒட்டிய பகுதிகளின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இரத்த ஈயப் பரிசோதனையும் இரத்தசோகைச் சிகிச்சையும் ஒன்றாக வழங்கப்பட வேண்டும். தூய்மைப் பணியாளரின் ஆண்டு மருத்துவப் பதிவேடு ஒப்பந்ததாரரிடம் இல்லாமல் மாநகராட்சியிடமும் தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும். தரமான முகக்கவசமும், பெருக்குமுன் சாலையை நனைக்கும் ஏற்பாடும் ஒப்பந்த விதிகளிலேயே எழுதப்பட வேண்டும்.

நான்காவது, வழக்கு. 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ்ச் சூழல் பிரச்சினைகளை ஆறு மாதங்களுக்குள்ளும், 15ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டை ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் கோரலாம். இரண்டிலும் தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் தரப்படலாம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. நாட்குறிப்பு எழுதுங்கள்: சாம்பல் படிந்த நாள், புகை வந்த திசை, மருத்துவமனைக்குச் சென்ற தேதி. காலக்கெடுவைத் தாண்டிவிடாமல் இருக்க அதுவே முதல் ஆவணம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

ஐந்தாவது, சட்டத் திருத்தம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நீரோடு காற்றும் சேர்க்கப்பட வேண்டும். குற்ற நோக்கத்தை நிறுவ முடியாத இடங்களில் பொறுப்பை நிறுவும் வழியும் வேண்டும். புதிய உலை, கிடங்கு, சாம்பல் குளம் எதற்கும் அனுமதி தருமுன், அதன் காற்று எந்தக் குடியிருப்புகளின்மேல் வீசும், அங்கே வாழ்பவர்கள் யார், ஏற்கெனவே எத்தனை மாசு மூலங்களைச் சுமக்கிறார்கள் என்ற மொத்தச் சுமைக் கணக்கு கட்டாயமாக்கப்பட வேண்டும். பலவீனமான பிரிவினரை, குறிப்பாகப் பட்டியல் சாதியினரை, சமூக அநீதியிலிருந்து காக்குமாறு அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவு அரசைப் பணிக்கிறது. காற்றின் வழியாக வரும் அநீதிக்கு அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

ஈயம் நீங்கிய பெட்ரோல் இந்த நாட்டில் ஒரு நாள் சாத்தியமாயிற்று. யார் கலக்கிறார்கள், எவ்வளவு கலக்கிறார்கள், அதற்கு மாற்று என்ன என்ற மூன்றும் தெரிந்திருந்ததால் அது முடிந்தது. எண்ணூரின் ஆர்செனிக்குக்கும் கொடுங்கையூரின் காட்மியத்துக்கும் அதே மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். விடை வடிதாளில் இருக்கிறது. அதை எடைபோட்டுவிட்டுத் தூக்கி எறியாமல் பகுத்து, எண்களை மக்கள் முன் வைப்பதே அரசின் முதல் கடமை.